கந்தையும் சீருடையும்

திருவண்ணாமலை வட்டாரத்தில் ஒரே கல்வியாண்டில் இரண்டு பள்ளிகளில் பிள்ளைகள் ஒட்டுப்போர்வை தைத்தார்கள். ஒன்று நகரத்துக்குள் இருக்கும் தனியார் பள்ளி. மற்றது பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளியிருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. முதலாவதை ஆண்டுவிழாவில் பார்த்தேன். இரண்டாவதைத் தைக்கும்போதே பார்த்தேன். அந்தப் பள்ளியின் ஆசிரியை எனக்குத் தெரிந்தவர் என்பதால் ஐந்தாறு வெள்ளிக்கிழமைகள் போய் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்ததைத் தவிர என் பங்கு எதுவுமில்லை.

பள்ளிகளின் பெயர்கள் வேண்டாம். நான் எழுத வந்தது அந்த இரண்டு போர்வைகளைப் பற்றி. கவிதைத் தொகுப்பை வரிவரியாகப் பிரித்து மேய்கிறோம், சினிமாவை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பேசுகிறோம். குழந்தைகள் கையால் செய்த ஒன்றை மட்டும் ‘எவ்ளோ அழகா பண்ணியிருக்காங்க பாருங்க’ என்று தட்டிக்கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம். அது பாராட்டு இல்லை, கவனிக்க மறுப்பதற்கு ஒரு நாகரிகமான வழி.

முதல் போர்வை. ஆறுக்கு ஆறு, மொத்தம் முப்பத்தாறு சதுரம். வகுப்புக்கு ஒரு சுற்றறிக்கை போனது: ‘சுத்தமான, நல்ல நிலையில் உள்ள பருத்தித் துணி, எட்டு அங்குல அளவில்’. இந்த வாக்கியத்தைப் படித்த எந்த அம்மாவும் என்ன செய்வாரோ அதைத்தான் முப்பத்தாறு அம்மாக்களும் செய்தார்கள். தேரடி வீதிக்குப் போய்ப் புதுத்துணி வாங்கினார்கள். கட்பீஸ் கடைக்காரர் அந்த வாரம் எட்டு அங்குலம் எட்டு அங்குலமாகக் கிழித்துக் கொடுத்தே அலுத்துப் போயிருப்பார். பிள்ளைகள் தங்கள் பெயரின் முதலெழுத்தைப் பூத்தையலாகப் போட்டார்கள். ஒரு டெய்லர் வந்து சதுரங்களை மிஷினில் சேர்த்துக் கொடுத்தார். சிவப்பில் தொடங்கி ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று நகர்ந்து ஊதாவில் முடிகிற வரிசை. இப்போது கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் வரவேற்பறையில் தொங்குகிறது. பார்க்க நன்றாகவே இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இரண்டாவதற்குச் சுற்றறிக்கை கிடையாது. ஆசிரியை நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு மதியம், ‘வீட்ல யாரும் உடுத்தாத துணி ஒரு துண்டு எடுத்துட்டு வாங்க, எதுவா இருந்தாலும் சரி’ என்றார். இருபத்தேழு பிள்ளைகள். வந்து சேர்ந்தது நாற்பத்தொரு துண்டு. கைக்குட்டை அளவில் சில, விரல் அகலத்தில் சில. அடியில் ஆசிரியையின் இரண்டு பழைய நூல் சேலை, நடுவில் ஒரு வேட்டி, மேலே இந்தத் துண்டுகள். எல்லாம் கைத்தையல். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை, ஐந்து மாதம்.

அதை ‘அழகு’ என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. நான்கு ஓரமும் நான்கு நீளம். ஒரு மூலை சுருண்டு மேலே எழும்பி நிற்கிறது. காரணம் பனியன் துணி. பின்னலாடைத் துணி இழுத்தால் நீளும், நெய்த துணி நீளாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தைத்தால் நீள்வது சுருங்கி மற்றதையும் இழுத்துக்கொண்டு வரும். அனுபவமுள்ள டெய்லர் பனியன் துண்டுக்குப் பின்னால் ஒரு காடாத்துணியை ஒட்டுக்கொடுத்து அடக்கியிருப்பார். இங்கே யாரும் அடக்கவில்லை. அந்த மூலை அப்படியே முறைத்துக்கொண்டு நிற்கிறது.

*

தமிழில் இந்தப் பொருளுக்கு ஒழுங்கான பெயர் இல்லை என்பதை முதலில் பேசிவிட வேண்டும். ஆங்கிலத்தில் குயில்ட் என்றால் பாட்டியின் அன்பு, குளிர்கால இரவு என்று ஒரு வாசனையே கூட வருகிறது. கர்நாடகத்தின் வடபகுதியில் கௌதி, மகாராஷ்டிரத்தில் கோதடி, தெலுங்கில் பொந்தா. உத்தர கன்னடத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்திக்கு நான்கு மூலையிலும் மடித்த துணியால் ஒரு பூ வைத்தால்தான் அது முடிந்ததாகக் கணக்கு. நம்மிடம் இருப்பது ‘கந்தை’. வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி நூலோட்டித் தைக்கிற காந்தாவும் இதே சொல்தான். இரண்டுக்கும் மூலம் சமஸ்கிருத ‘கந்தா’, ஒட்டுப்போட்ட துணி. அங்கே அந்தச் சொல் 1929இல் ஜசீமுத்தீனின் நெடுங்கவிதைக்குத் தலைப்பில் ஏறியது, பிறகு அருங்காட்சியகத்துக்குள் போனது, இன்று பொட்டிக்கில் விலைச்சீட்டோடு தொங்குகிறது. இங்கே அதே சொல் வசவாகத் தங்கிவிட்டது. ‘கந்தலானாலும் கசக்கிக் கட்டு’ என்ற அறிவுரைக்குள்ளும் ஒரு கூச்சம் இருக்கத்தான் செய்கிறது.

வெயில் ஊர், போர்வைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பாதி சரி. மீதிப் பாதி, பழந்துணி இங்கே போர்வையாக ஆவதற்கு முன்பே அதற்கு வேறு வேலைகள் வந்துவிடுகின்றன. சேலை நைந்தால் முதலில் தூளி. தூளிக்கும் ஆகாது என்றால் பாதியாகக் கிழித்துக் குழந்தைக்கு விரிப்பு. ஒரு முழம் சும்மாடாகத் தலைக்குப் போகும். ஒரு முழம் அடுப்பங்கரையில் கரித்துணி. பெண்கள் வெளியே சொல்லாமல் மடித்து வைத்துக்கொள்ளும் துணியும் அதிலிருந்துதான் வந்தது, வருகிறது. கடைசியாக மிஞ்சும் வேட்டி நூல் விளக்குத்திரி. கார்த்திகைக்கு மலைமேல் எரியும் மகாதீபத்துக்கு ஆயிரம் மீட்டர் அளவில் புதுக் காடாத்துணி திரியாகப் போகிறது. அடிவாரத்து வீடுகளில் எரிவது பழைய வேட்டி. ஆக, இந்த ஊரில் துணி மக்கிப்போவதில்லை, எரிந்துதான் முடிகிறது. எதையும் சேர்த்துவைத்துத் தைப்பதற்கு மிச்சம் விழுந்ததே கிடையாது.

இதே ஊரில் கந்தைக்கு மரியாதையும் உண்டு என்பதுதான் வேடிக்கை. விருபாட்ச குகையில் இருந்த காலத்தில் ரமணரின் துண்டு அத்தனை கிழிந்திருந்ததாம். கௌபீனம் கிழிந்தபோது யாருக்கும் தெரியாமல், முள்ளையே ஊசியாக்கி, அந்தத் துணியிலிருந்தே நூலை உருவித் தைத்துக்கொண்டார் என்று ஆசிரம நூல்களில் வருகிறது. கிழிந்த துண்டைப் பார்த்து ஆட்டுக்காரப் பையன் ஒருவன் கேலி பேசியதும், அவரும் அதே கேலியில் பதில் சொன்னதும் இங்கே பலருக்கும் தெரிந்த கதை. விசிறி சாமியார் யோகி ராம்சுரத்குமாரின் அழுக்கேறிய அடுக்கடுக்கான உடைகளைத் தொட்டுக் கும்பிட்டவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்னால், மகத நாட்டு வயல் வரப்புகளைக் காட்டி அந்த வடிவில் துண்டுதுண்டாகச் சேர்த்துச் சீவரம் தைக்கச் சொன்னார் புத்தர் என்று விநய பிடகம் சொல்கிறது. வெட்டி ஒட்டிய துணிக்கு விலை கிடையாது, திருடனுக்கும் வேண்டாம். இவையெல்லாம் தானாகத் தேர்ந்துகொண்ட கந்தை. நான்காம் வகுப்புப் பிள்ளையின் சட்டையில் இருக்கிற ஒட்டு அவன் தேர்ந்துகொண்டதில்லை. மலை சுற்ற வருபவர் முன்னதைக் கும்பிட்டுவிட்டு, பின்னதைக் கண்டால் பத்து ரூபாய்த் தாளை எடுக்கிறார்.

*

சீருடை வந்தது இந்த ஒட்டை மறைக்கத்தான். காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்த ஆண்டுகளில், மதிய உணவோடு சீருடையும் நம் பள்ளிகளுக்குள் வந்தது. சோறு பசிக்கு, சட்டை வெட்கத்துக்கு. பண்ணையார் வீட்டுப் பையனும் பண்ணையாள் வீட்டுப் பையனும் ஒரே நிறத்தில் உட்காரட்டும் என்பது அதன் கணக்கு. இன்று சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு செட் இலவசமாகக் கிடைக்கிறது. தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்களின் பெண்கள். அதாவது அதே பிள்ளைகளின் அம்மாக்கள், சித்திகள், பக்கத்து வீட்டு அக்காக்கள். இந்தத் திட்டத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. நானே அதைப் போட்டுக்கொண்டு படித்தவன்.

அதனால்தான் ‘வீட்லருந்து துணி எடுத்துட்டு வாங்க’ என்று ஆசிரியை சொன்னபோது எனக்குத் திக்கென்றது. சீருடை அறுபது ஆண்டுகளாக மூடிவைத்ததை ஒரே வாக்கியத்தில் திறக்கச் சொல்கிறாரே! யார் வீட்டில் ஆரணிப் பட்டு, யார் வீட்டில் நைலக்ஸ், யார் வீட்டில் கொடுப்பதற்கென்று ஒரு துண்டும் இல்லை என்பது மறுநாள் காலை மேசைமேல் விரிந்துவிடும். யோசிக்காமல் செய்கிறார் என்றே நினைத்தேன். தனியார் பள்ளியின் சுற்றறிக்கை இந்தச் சிக்கலை எவ்வளவு சுலபமாகத் தாண்டியது என்பதும் அப்போதுதான் உறைத்தது. புதுத்துணி என்றதும் எல்லா வீடும் ஒரே வீடாகிவிடுகிறது. அந்தப் போர்வையும் ஒரு சீருடைதான், நிறம் மட்டும் முப்பத்தாறு.

மறுநாள் என்ன வந்தது? ஆரணி பக்கத்தில்தான் இருக்கிறது, தறி வேலைக்குப் போகிற வீடு இரண்டிலிருந்து உண்மையாகவே பட்டுத்துண்டுகள் வந்தன, கரை இல்லாமல், விரல் அகலத்தில். ஒரு லுங்கித் துண்டு. ஒரு நைட்டி. ஒரு திரைச்சீலை. சாமிக்குச் சாத்திய சிவப்புத் துணி ஒன்று. அதைத் தைக்கலாமா கூடாதா என்று பிள்ளைகளுக்குள் வழக்கு நடந்து, ஓரத்தில் வைத்தால் யாரும் மிதிக்க மாட்டார்கள் என்று தீர்ப்பானது. ஒரு பெண் பிள்ளையின் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார்கள், ஆயாவோடு இருக்கிறாள். அவள் மஞ்சப்பையைக் கொண்டு வந்தாள். யார் கல்யாணத்திலோ தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை. வெட்டும்போது ‘நல்வரவு’ என்ற எழுத்தில் ‘நல்’ போய்விட்டது. இப்போது போர்வையில் ‘வரவு’ மட்டும் இருக்கிறது. கணக்குப் பாடத்தில் வரவு செலவு படித்த ஐந்தாம் வகுப்பு, ‘டீச்சர், செலவு எங்க?’ என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஆனால் நாற்பத்தொன்றில் பதினாலு துண்டு பழைய சீருடை. அண்ணனுடையது, அக்காவுடையது, போன வருடத்துத் தன்னுடையது. ஆசிரியைக்கு முகம் விழுந்துவிட்டது. ‘எல்லாம் ஒரே கலரா போயிருமே சார்’ என்றார். வீட்டில் உடுத்தாத துணி எது என்று கேட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு வேறென்ன தோன்றும்? வெளியே போட்டுக்கொண்டு போக அவர்களிடம் இருப்பதே அதுதான். உடுத்தி உடுத்தி மிஞ்சுவதும் அதுதான்.

தைத்து முடித்த பிறகு அந்தப் பதினாலு துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரே மில் துணி, ஒரே சாயம். ஆனால் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்று கிணற்றடிக் கல்லில் அடித்துத் துவைத்து வெளுத்தது. ஒன்றில் சட்டைப்பை இருந்த இடம் மட்டும் புதுசு போல அடர்த்தியாக ஒரு சதுரம். ஒன்றில் மாமரத்துப் பால் கறை. ஒன்றில் கிழிசலை ஏற்கெனவே வீட்டில் யாரோ ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஒட்டுக்குள் ஒட்டு. போர்வையின் மிகச்சிறந்த பகுதி இதுதான் என்பது என் தீர்ப்பு. பட்டும் லுங்கியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது யாரும் எதிர்பார்க்கக்கூடிய வேறுபாடு, வேற்றுமையில் ஒற்றுமை என்று சுவரில் எழுதி வைப்பது மாதிரி. ஒரே துணி பதினாலு வீட்டில் பதினாலு விதமாக வெளுத்துப் போயிருப்பதை நான் எங்கும் பார்த்ததில்லை. சமமாகக் கொடுத்ததும் கொடுத்த பிறகு சமமாக இல்லாமல் போனதும் இரண்டுமே அந்தப் பச்சையில் இருக்கின்றன.

*

இனி இரண்டாவது போர்வையின் மேல் என் புகார். தையலை அருகிலிருந்து பார்த்தால் சில இடங்களில் நூல் மாறியிருப்பது தெரியும். பிள்ளைகளின் தையல் அரை அங்குலத்துக்கு ஒன்று, கோணல்மாணல், இடையிடையே முடிச்சு. நடுநடுவே ஒரு சாண் தூரத்துக்குச் சீராக, நெருக்கமாக ஓடுகிற தையல். ஆசிரியை இரவில் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பிரித்துத் தைத்தது. ‘அப்படியே விட்டா துவைச்சா பிரிஞ்சிடும் சார், ஒரு மாசம் தாங்காது’ என்றார். நியாயம்தான். ஆனால் ஒரு சிறுமி வெள்ளிக்கிழமை வந்து தன் இடத்தைத் தேடி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ‘இது என்னுது இல்ல’ என்றாள். கோபமாகக்கூட இல்லை, சும்மா தகவல் சொல்வதுபோல. ஆசிரியை பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் எதையும் பிரிக்கவும் இல்லை. அந்த ஒரு சாண் மட்டும் இன்றும் மற்றவற்றைவிட ஒழுங்காக, அந்தப் போர்வைக்குச் சம்பந்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. தொகுப்பாசிரியர்கள் புதுக் கவிஞரின் வரியைத் ‘திருத்தி’ வெளியிடும்போது நடப்பதும் இதுதான். வரி நிமிர்கிறது, ஆள் காணாமல் போகிறார்.

இன்னொரு தையலும் சீராக இருக்கிறது, அது ஆசிரியையுடையது அல்ல. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனுடையது. அவன் அப்பாவுக்குத் தையல் வேலை, வீட்டுத் திண்ணையில் மிஷின் போட்டு ஆல்ட்ரேஷன் பார்க்கிறார். முதல் மூன்று வாரம் அந்தப் பையன் எல்லோரையும்விட மெதுவாக, எல்லோரையும்விட மோசமாகத் தைத்தான். கோணலாகத் தைப்பதற்கும் திறமை வேண்டும். அவனுடையது அந்தக் கோணல். நான்காவது வாரம் மறந்துபோய்க் கை தானாக ஓடிவிட்டது. பக்கத்திலிருந்தவன், ‘டேய் டெய்லரு’ என்றான். பையன் ஊசியைக் குத்திவைத்துவிட்டு அன்று முழுக்கத் தைக்கவில்லை.

அந்த அப்பா ஒருநாள் பள்ளிக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை, தயங்கித் தயங்கித்தான் பேசினார். ‘படிக்க அனுப்பிச்சா இங்கயும் தைக்க வெக்கிறீங்களே டீச்சர். தைக்கிறது நான் சொல்லிக் குடுக்க மாட்டனா?’

பிள்ளைகள் கையால் வேலை செய்ய வேண்டும் என்று பேசுகிறவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி இது. காந்தி 1937இல் வார்தாவில் வைத்த ஆதாரக் கல்வி தொழில் வழியாகவே எல்லாப் பாடமும் என்றது. டேவிட் ஹார்ஸ்பரோ 1972இல் கர்நாடகத்தில் தொடங்கிய நீல்பாக் பள்ளியில் தையலும் தச்சும் பாடத்தில் ஒரு பகுதி. இன்று நம் வட்டாரத்திலேயே மருதம் பண்ணைப் பள்ளி போன்ற இடங்களில் கைவேலை இயல்பாக நடக்கிறது. இவையெல்லாம் நல்ல மரபு. ஆனால் தமிழ்நாட்டுக்கு இன்னொரு நினைவும் இருக்கிறது. 1953இல் ராஜாஜி தொடக்கப் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றார். குலக்கல்வி என்று பெயர் வாங்கிய அந்தத் திட்டத்தை எதிர்த்து மாநிலமே கொந்தளித்தது. அடுத்த ஆண்டு காமராசர் வந்ததும் அது கைவிடப்பட்டது. திண்ணையில் மிஷின் போட்டிருக்கும் அந்த மனிதர் 1953ஐப் படித்திருக்க மாட்டார். அவர் கேள்வியில் அது இருந்தது.

தனியார் பள்ளிப் பிள்ளைக்கு ஊசி ஒரு புது அனுபவம். தையல்காரர் மகனுக்கு அது வீட்டில் காத்திருக்கும் விதி. ஒரே ஊசியை இரண்டு கையிலும் கொடுத்துவிட்டு ‘கைவினை’ என்று ஒரே பெயரில் அழைக்க முடியாது. ஆசிரியை அவருக்குச் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. ‘எல்லாப் பசங்களும்தான் தைக்கிறாங்கண்ணா, பொண்ணு பையன் எல்லாம்’ என்றார். பாதிப் பதில். ஆனால் அதற்கு அடுத்த வாரம் அவர் செய்தது முழுப் பதில். பனியன் மூலை சுருண்டுகொண்டதே, அது ஏன் என்று அந்தப் பையனை எழுந்து விளக்கச் சொன்னார். அவன் பாவு, ஊடை, கிராஸ் என்று அப்பாவின் சொற்களில் கரும்பலகையில் கோடு போட்டு விளக்கினான். சரிசெய்யட்டுமா என்று கேட்டான். வகுப்பு வேண்டாம் என்றது. மூலை தப்பித்தது இப்படித்தான்.

*

குழந்தைகள் தைத்த ஒட்டுப்போர்வைகளில் உலகம் அறிந்த ஒன்று நமக்குப் பக்கத்துக் கடலில்தான் பிறந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஐரோப்பியக் குடும்பங்கள் சாங்கி சிறைக்குப் போயின. அங்கே எலிசபெத் என்னிஸ் என்ற செவிலியர் எட்டு வயதிலிருந்து பதினாறு வயதுவரையிலான இருபது சிறுமிகளைச் சேர்த்துச் சாரணியர் குழு ஒன்றை நடத்தினார். அவருடைய பிறந்தநாளுக்கு அந்தச் சிறுமிகள் ரகசியமாக ஒரு போர்வை தைத்தார்கள். கிடைத்த துண்டுதுணியை அறுகோணமாக வெட்டி, பூப்பூவாகச் சேர்த்து, தங்கள் பெயர்களை நூலால் எழுதினார்கள். இப்போது அது லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எத்தல் மல்வானி என்ற கைதி பெரியவர்களையும் தைக்கவைத்தார். அறுபத்தாறு சதுரம் கொண்ட மூன்று போர்வைகள். சதுரத்தில் உன்னைப் பற்றி ஏதாவது தை என்பதுதான் ஏற்பாடு. வேறு முகாமில் இருக்கும் கணவனுக்கு, இவள் உயிரோடு இருக்கிறாள் என்று அதிலிருந்து தெரிந்துவிடும்.

எங்கேயும் புதுத்துணி கேட்கவில்லை என்பதைக் கவனிக்கலாம். அதைவிட முக்கியம், அங்கே பெயர் என்பது அலங்காரம் அல்ல, செய்தி. தனியார் பள்ளிப் போர்வையிலும் பெயரின் முதலெழுத்து இருக்கிறது. அ, கா, ஸ்ரீ. யாருக்கும் எதையும் சொல்லாத எழுத்துகள். கடைத்துணியின் மேல் கடைநூலில்.

அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சயாம் ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போகப்பட்டார்கள். துணிப்பஞ்சத்தில் கோணிச்சாக்கை உடுத்தினார்கள். அவர்களுடைய துணி என்று எந்த அருங்காட்சியகத்திலும் நான் எதையும் கண்டதில்லை. யாருடைய கந்தை பாதுகாக்கப்படும் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது.

ஆலிஸ் வாக்கர் 1973இல் எழுதிய ‘எவ்ரிடே யூஸ்’ கதை இந்த இடத்தில்தான் ஊசி குத்துகிறது. கறுப்பினத் தாய், இரண்டு மகள்கள். பட்டணத்துக்குப் போய்ப் படித்த மூத்தவள் பாட்டியின் ஒட்டுப்போர்வைகளைச் சுவரில் மாட்டக் கேட்கிறாள். ஊரிலேயே இருக்கிற இளையவளிடம் கொடுத்தால் தினமும் போர்த்திக் கிழித்துவிடுவாள் என்கிறாள். தாய் இளையவளுக்கே கொடுக்கிறாள். அந்தப் போர்வையிலும் ஒரு சீருடைத் துண்டு உண்டு. உள்நாட்டுப் போரில் கொள்ளுத்தாத்தா உடுத்தியது. வகுப்பறைகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் சட்டென்று இளையவள் பக்கம் போய்விடுகிறார்கள். நானும் பலகாலம் அப்படித்தான் இருந்தேன். தொங்கவிடுவது பொய், போர்த்துவது உண்மை என்று. இந்த இரண்டு போர்வைகளையும் பார்த்த பிறகு அவ்வளவு நிச்சயமாக இல்லை. சாங்கிப் போர்வையை யாரோ மூத்த மகளின் புத்தியோடு மடித்துப் பாதுகாத்ததால்தான் நான் இங்கே அதைப் பற்றி எழுத முடிகிறது. அமெரிக்காவின் ஜீஸ் பெண்ட் கிராமத்துப் பெண்கள் கிழிந்த வேலையுடைகளில் தைத்தவை 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகச் சுவரில் ஏறியிராவிட்டால் நம்மில் யாருக்கும் அந்தக் கிராமம் தெரிந்திருக்காது. தொங்கவிடுவதில் குற்றமில்லை. தொங்கவிடத் தகுந்தது மட்டும் வரட்டும் என்று வாசலிலேயே சலித்துவிடுவதுதான் குற்றம். தனியார் பள்ளிப் போர்வையின் மேல் என் விமர்சனம் கண்ணாடிச் சட்டத்தைப் பற்றியதல்ல, சுற்றறிக்கையைப் பற்றியது. முதல் ஊசி குத்தும் முன்பே அந்தப் போர்வை முடிந்துவிட்டிருந்தது.

அந்தச் சுற்றறிக்கைக்குப் பின்னால் இருந்தது வெறும் அழகுணர்ச்சியா என்றும் யோசித்துப் பார்க்கிறேன். ‘சுத்தமான’ என்ற சொல் நம் ஊரில் அழுக்கை மட்டும் குறிப்பதில்லை. ஒருவர் உடுத்திய துணியை இன்னொருவர் தொடுவது, யார் வீட்டுத் துணியை யார் துவைப்பது என்பதெல்லாம் இங்கே சாதி எழுதிய சட்டம். ஒன்றியப் பள்ளியிலும் ஒரு பாட்டி வாசலில் நின்று கேட்டுவிட்டார், ‘எந்தெந்த வீட்டுத் துணிம்மா இதெல்லாம்?’ என்று. ஆசிரியை, ‘நம்ம பசங்க வீட்டுதுதான் ஆயா’ என்றார். பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பேரன் வந்தான். அடுத்த வெள்ளி வழக்கம்போலத் தைத்தான். வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று அவன் சொல்லவில்லை. புதுத்துணிக்கு இந்தத் தொல்லை இல்லை. கடையிலிருந்து வந்த துணிக்கு வீடு கிடையாது.

பள்ளிக்கு இப்போது அதிகம் போவதில்லை. போர்வை இரண்டாம் வகுப்பில் விரிப்பாகக் கிடக்கிறது, மதிய உணவுக்குப் பின் சின்னப் பிள்ளைகள் அதில்தான் தூங்குகிறார்கள். மூன்று அடுக்குத் துணி, நனைந்தால் ஒரு ஆள் தூக்க முடியாத கனம். போன ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டபோது சன்னல் வழியாகச் சாரல் அடித்து நனைந்துவிட்டதாம். காம்பவுண்டு சுவரில் போட்டுக் காயவைத்தார்கள், மூன்று நாள் ஆயிற்றாம். சாமித் துணியின் சிவப்புச் சாயம் இறங்கிப் பக்கத்திலிருந்த மஞ்சப்பையில் ஏறியிருக்கிறது. ‘வரவு’க்கு மேல் ஒரு தீற்றல். அந்தப் பெண் பிள்ளை இப்போது ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போய்விட்டாள். தம்பி இரண்டாம் வகுப்பில் இருக்கிறான். தூங்கும்போது அந்த இடத்துக்குத்தான் போய்ப் படுக்கிறான் என்று ஆசிரியை போனில் சொன்னார். பக்கத்தில் இருக்கிற பனியன் மூலையைத் தலைக்கு முட்டுக்கொடுத்துக்கொள்கிறானாம், ஏற்கெனவே உயர்ந்திருக்கிறது பாருங்க என்றார்.